லிங்க் போன இடமெல்லாம்

நேயர்களுக்கு வணக்கம். தில்லியில் நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தால் முதலில் பிறப்பது வாட்ஸ்அப் குழு. அடுத்தது ஒரு பட்டியல்: பெயர், வீட்டு எண், போன் நம்பர், ரத்த வகை. மயூர் விஹாரில் எங்கள் குழுவின் பட்டியல் கூகுள் டிரைவில் இருந்தது. திடீரென்று வீட்டு புரோக்கர்கள் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஃப்ளாட் விற்கிற எண்ணம் உண்டா, சார்?" கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை. லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம் என்று வைத்திருந்தோம், அந்த லிங்க் குழு தாண்டிக் குழு போய்விட்டது.

டிரைவில் 'பகிர்' என்பதைத் தொட்டால் இந்த இடம் தெரியும். லிங்க் உள்ள எவரும் திறக்கலாமா, நாம் மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்கள் மட்டுமா என்று கேட்கும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பெட்டியில் ஒரு பல்சக்கரம் இருக்கும், அதையும் திறந்து பாருங்கள். திருத்தும் உரிமை பெற்றவர் தானாகவே இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாம் என்பது அங்கே ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். பார்வையாளர்கள் தரவிறக்கவோ அச்சிடவோ நகலெடுக்கவோ முடியாதபடியும் அங்கேயே செய்யலாம்.

சரி, இவ்வளவு பூட்டினால் போதுமா? திரையில் தெரிவதைப் படமெடுக்க இன்னொரு போன் போதுமே! வாட்ஸ்அப்பின் 'ஒருமுறை மட்டும் பார்க்கும்' படத்துக்கும் இதே கதிதான். ஃபார்வர்டை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி 2018இல் இந்தியாவில் கட்டுப்படுத்தினார்கள். அதனால் வேகம் குறையும், பயணம் நிற்காது. ஆகவே என் கட்சி இதுதான்: பூட்டைப் பற்றி யோசிக்கும் முன், உள்ளே என்ன வைக்கிறோம் என்று பாருங்கள். ரத்த வகையும் வீட்டு எண்ணும் ஒரே தாளில் எதற்கு? வாடகை ஒப்பந்தத்துக்கு ஆதார் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை முதலில் கொடுத்துப் பாருங்கள்.

சட்டமும் உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு, படைப்பைக் காக்கப் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. தைனிக் ஜாக்ரன் நாளிதழின் பிடிஎஃப் டெலிகிராம் சேனல்களில் சுற்றியபோது, அவற்றை நீக்கவும் நடத்துகிறவர்களின் விவரத்தைத் தரவும் 2020இல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே நீதிமன்றம்தான் 2016இல், தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களுக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துத் தந்த ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய பதிப்பகங்கள்! படிப்புக்கான நகலை அப்படிப் பிரித்துப் பார்த்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

எல்லாவற்றையும் பூட்ட வேண்டும் என்றும் இல்லை. இங்கே வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியைகள், தங்கள் பாடத்தாள் நாலு ஊருக்குப் போகட்டும் என்றே நினைக்கிறார்கள். தங்கள் பெயர் மட்டும் அதிலிருந்து விடுபட்டுவிடக் கூடாது, யாரும் விற்கவும் கூடாது. இதற்கென்றே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. 'பெயர் குறிப்பிட்டுப் பகிரலாம், வணிகத்துக்கு இல்லை' என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் போட்டால், நடுவில் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறவர்களோடு அது போகாது. நன்றி, வணக்கம்.