நாற்றம் நின்றுவிட்டால் ஆபத்து கூடிவிட்டது
(தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, மேற்பார்வையாளர்களே, உரிமையாளர்களே, வணக்கம்.

தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தத் தண்ணீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்), 12 அளவில் இருக்கும்வரை சல்பைடு அதிலேயே கரைந்து கிடக்கும். தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைக்கும் பிக்கிள் டிரம்மிலிருந்து வரும் அமிலத் தண்ணீரின் பிஎச் 3. இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் விஷவாயு கிளம்பும். அதனால் முதல் வேலை, இரண்டுக்கும் தனித்தனி வாய்க்கால். சல்பைடுத் தண்ணீரில் கொஞ்சம் மாங்கனீசு சல்பேட் சேர்த்து, காற்று செலுத்தி, சல்பைடை முறித்த பிறகே மற்றத் தண்ணீரோடு விட வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கழிவுத்தண்ணீர்த் தொட்டியில் சகதி அள்ள இறங்கும்போது, "முட்டை அழுகிய நாற்றம் வந்தால் மேலே ஏறிவிடுவோம்" என்கிறீர்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை 8 மணி நேர வேலைக்கு இந்த வாயுவுக்கு வைத்திருந்த வரம்பு 10 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு. 100 பிபிஎம்மில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதாகத் தோன்றும். 1000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். முகத்தில் கட்டிய ஈரத்துணியோ தூசி மாஸ்க்கோ இந்த வாயுவைத் தடுக்காது.

தொட்டிக்குள் ஆள் இறங்காமல் பம்பு வைத்தே சகதியை எடுக்கப் பாருங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால் வாயு அளவி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். இது காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் அளவெடுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காற்றை உள்ளே ஊதும் புளோவரின் குழாய் வாய் தொட்டியின் அடிவரை போக வேண்டும். புளோவர் காற்றிழுக்கும் பக்கத்தில் ஜெனரேட்டர் புகை இருக்கக் கூடாது. காற்றுக்குப் பதிலாகத் தொட்டிக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீ விபத்தை வரவழைப்பது.

அளவு சரியாக இருந்தது, ஆனாலும் ஆள் விழுந்தார் என்று கேள்விப்படுகிறோமே, ஏன்? சகதியைக் கிளறும்போது அதற்குள் அடைபட்ட வாயு ஒரேயடியாக வெளிவருகிறது. ஆகவே வேலை முடியும்வரை அளவி உடம்பிலேயே இருக்க வேண்டும், புளோவர் ஓட வேண்டும்.

இறங்குபவருக்கு முழு உடல் பெல்ட். அதன் கயிறு தொட்டியின் வாய்மேல் நிறுத்திய மூன்று கால் தாங்கியில் உள்ள வின்ச்சோடு (கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் கருவி) இணைந்திருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டிய கயிற்றால் மயங்கியவரை நேராகத் தூக்க முடியாது. மேலே நிற்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. உள்ளே விழுந்தவரைப் பார்த்து அண்ணன், தம்பி என்று அடுத்தடுத்துக் குதித்துத்தான் பல உயிர்கள் போகின்றன. வின்ச்சைச் சுற்றுங்கள், 108ஐ அழையுங்கள். சிலிண்டர் காற்றில் மூச்சுவிடும் கருவி மாட்டி, அதில் பயிற்சியும் பெற்றவரைத் தவிர வேறு யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது.