ஹைட்ரஸோன் படிக அமைப்பு: அந்த ஒரு ஹைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கு?

வணக்கம் நண்பர்களே. ஒரு கரிம ஹைட்ரஸோனோட (கார்பன்=நைட்ரஜன்-நைட்ரஜன் தொடர் உள்ள சேர்மம்) படிக அமைப்பை ஒற்றைப் படிக எக்ஸ்ரே மூலமா எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு, ஃபிளாஸ்க்லேர்ந்து சிஃப் ஃபைல் (கிடைச்ச அமைப்பைச் சேமிக்கற கோப்பு) வரைக்கும் இன்னைக்குப் பார்க்கலாம். இப்போ வர்ற சாஃப்ட்வேர்ல நாலு கிளிக்ல அமைப்பு திரையில வந்து நிக்குது. ஆனா ஹைட்ரஸோன்ல கேள்வியே ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பத்தினதுதான். அது நைட்ரஜன் மேல இருக்கா, ஆக்சிஜன் மேல இருக்கா? எக்ஸ்ரேக்கு ரொம்ப மங்கலாத் தெரியற அணுவும் அதேதான். அதனால கிளிக் பண்றதைவிட வந்ததைப் படிக்கறதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கப் போறேன்.

உதாரணத்துக்கு சாலிசிலால்டிஹைடும் பென்சோஹைட்ரசைடும் சேர்ந்து வர்ற ஹைட்ரஸோனை எடுத்துக்கலாம். ஏற்கெனவே நல்லாத் தெரிஞ்ச சேர்மம். பழகறதுக்கு ஏத்தது, ஏன்னா உங்க முடிவை டேட்டாபேஸ்ல இருக்கறதோட ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம். மூலக்கூறு எடை 240.26. கார்பன் 14, ஹைட்ரஜன் 12, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2. அதாவது ஹைட்ரஜன் போக 18 அணு. இந்த 18-ஐ மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

தயாரிப்பைச் சீக்கிரம் சொல்லிடறேன். 5 மில்லிமோல் பென்சோஹைட்ரசைடு, அதாவது 0.68 கிராம். 20 மில்லி எத்தனால்ல சூடாக்கிக் கரைங்க. அதே 5 மில்லிமோல் சாலிசிலால்டிஹைடு, 0.61 கிராம், கொஞ்சம் எத்தனால்ல கலந்து சொட்டுச் சொட்டா விடுங்க. கிளேசியல் அசிட்டிக் அமிலம் ரெண்டு மூணு சொட்டு. ரெண்டு மணி நேரம் ரிஃப்ளக்ஸ். டிஎல்சில (மெல்லடுக்கு நிறப்பிரிகை) ஆல்டிஹைடு புள்ளி மறைஞ்சதும் ஆறவிட்டு, வடிகட்டி, குளிர்ந்த எத்தனால்ல கழுவுங்க. அமிலத்தை அள்ளி ஊத்தாதீங்க. அதிகமானா ஹைட்ரசைடோட நைட்ரஜன் புரோட்டானை வாங்கிக்கிட்டு, ஆல்டிஹைடைத் தாக்கற வேலையை விட்டுடும். ஹைட்ரசைடு நச்சுப் பொருள். கையுறையோட ஃபியூம் ஹூட்லதான் எடை போடணும்.

இங்க ஒரு பொறி இருக்கு. ஹைட்ரசைடுல கொஞ்சம் ஹைட்ரசீன் ஒட்டியிருந்தா, அது ரெண்டு ஆல்டிஹைடைப் பிடிச்சு சாலிசிலால்டசீன் ஆயிடும். நல்ல மஞ்சள். அசலைவிட அழகாப் படிகமாகும். கண்ணுக்கு அழகா இருக்கற படிகத்தைத்தானே கை எடுக்கும்? எடுத்து டேட்டா வாங்கினா அசீனோட அமைப்புதான் வரும். அதனால மொதல்ல என்எம்ஆர் (ஹைட்ரஜன்கள் எந்தச் சூழல்ல இருக்குன்னு காட்டற சோதனை) எடுங்க. டிஎம்எஸ்ஓ கரைப்பான்ல என்ஹெச் சுமார் 12.1, ஃபீனால் ஓஹெச் 11.3, அசோமெத்தீன் சிஹெச் (கார்பன்=நைட்ரஜன்ல கார்பன் மேல இருக்கற ஹைட்ரஜன்) 8.6 பிபிஎம் பக்கத்துல தெரியணும். 12.1-ல ஒண்ணுமே இல்லேன்னா படிகம் வளர்க்கற வேலையை நிறுத்திட்டு மாதிரியைப் பாருங்க.

இப்போ படிகம். பாதி வேலை இங்கதான் இருக்கு. 20-லேர்ந்து 30 மில்லிகிராம், 4 மில்லி சூடான எத்தனால்ல முழுசாக் கரையணும். பாஸ்டர் பிப்பெட்ல பஞ்சு அடைச்சு வடிகட்டி, கீறல் இல்லாத புது வயல்ல (சின்னக் கண்ணாடிக் குப்பி) ஊத்துங்க. தூசியும் கீறலும் இருந்தா நூறு இடத்துல ஒரே நேரத்துல கரு உண்டாகி, பொடிப்பொடியா இறங்கிடும். வாய்ல பாராஃபிலிம் சுத்தி ஊசியால நாலு ஓட்டை. வாக்குவம் பம்ப் இருக்கற மேசையில வைக்காதீங்க, அதிர்வு ஆகாது. ரொம்ப முக்கியம், கரைப்பான் முழுசா வத்த விடாதீங்க. கடைசிச் சொட்டு காயும்போது கரைசல்ல மிச்சம் இருந்த அழுக்கெல்லாம் படிகத்து மேல படியும், ஓரமெல்லாம் வெடிக்கும். திரவம் இருக்கும்போதே எடுத்துடணும்.

ஹைட்ரஸோன் பெரும்பாலும் ஊசி ஊசியா வரும். காரணம் இருக்கு. ஒரு மூலக்கூறோட என்ஹெச், அடுத்த மூலக்கூறோட கார்பனைல் ஆக்சிஜனைப் பிடிக்கும். அது அதுக்கு அடுத்ததை. இப்படி ஒரே திசையில சங்கிலி ஓடறதால அந்தத் திசையில மட்டும் படிகம் வேகமா நீளும். தலைமுடி மாதிரி ஊசி வந்தா கரைப்பானை மாத்துங்க. ஹைட்ரஜன் பிணைப்புக்குப் போட்டி போடற டிஎம்எஃப், மெத்தனால் எல்லாம் அந்த நீளத்தைக் கட்டுப்படுத்தும். ஆவிப் பரவல் முறையும் நல்லா வேலை செய்யும். உள் வயல்ல 1 மில்லி டிஎம்எஃப்ல 10 மில்லிகிராம், வெளிய டைஎத்தில் ஈதர், மூடி இறுக்கமா. டிஎம்எஃப்புக்கு ஹெக்சேன் வைக்காதீங்க, ரெண்டும் கலக்காது. டிஹெச்எஃப்ல கரைச்சிருந்தா ஹெக்சேன் வைக்கலாம். போட்டி போடற கரைப்பானுக்கு ஒரு விலையும் உண்டு: சில நேரம் அதுவே படிகத்துக்குள்ள வந்து உட்கார்ந்துடும்.

அடுத்து மைக்ராஸ்கோப், போலரைசர் போட்டு. திரையில பாருங்க, மேடையைச் சுத்தறேன். இந்தப் படிகம் பளிச்னு இருந்து, ஒரு கோணத்துல மொத்தமும் ஒரே அடியா இருட்டாகுது. 90 டிகிரி தள்ளி மறுபடியும் இருட்டு. இது ஒற்றைப் படிகம். பக்கத்துல இருக்கறதைப் பாருங்க, இடது பாதி இருட்டாகும்போது வலது பாதி மின்னுது. அது ரெண்டு படிகம் ஒட்டிக்கிட்டது. பெருசா இருக்கேன்னு அதை எடுத்தா அப்புறம் அவஸ்தைதான். 0.2, 0.3 மில்லிமீட்டர் போதும். ஊசி நீளமா இருந்தா பாராடோன் எண்ணெய்க்குள்ள வெச்சு பிளேடால வெட்டுங்க. காத்துல வெட்டினா தெறிச்சு ஓடும், கரைப்பான் உள்ள இருந்தா அதுவும் போயிடும்.

எண்ணெயோட லூப்ல (சின்ன வளையம்) எடுத்து 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்துல வைங்க. குளிர்ல அணுக்கள் ஆடறது குறையும். அதனால உயர்கோணத்துல வர்ற பலவீனமான எக்ஸ்ரே சிதறல் புள்ளிகள்கூடத் தெரியும். நமக்கு வேணுங்கற ஹைட்ரஜனைப் பிடிக்க அது ரொம்ப உதவும். ஆனா திடீர்னு குளிர்விச்சதும் புள்ளிகள் எல்லாம் பிளந்து ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, படிகம் விரிசல் விட்டிருக்கு, இல்ல நிலைமாற்றம் நடந்திருக்கு. வேற படிகம் எடுத்து 200 கெல்வின்ல முயற்சி பண்ணுங்க.

எக்ஸ்ரேக்கு மாலிப்டினம் குழாயா, காப்பர் குழாயா? வெறும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் உள்ள சின்னப் படிகம்னா காப்பர் நல்லது, சிதறல் பலமா வரும். படிகம் பெருசுன்னா மாலிப்டினமே போதும். எதுவானாலும் 0.83 ஆங்ஸ்ட்ராம் தெளிவுத்திறன் வரைக்கும் டேட்டா வேணும். மாலிப்டினத்துல தீட்டா (சிதறல் கோணத்துல பாதி) சுமார் 25.2 டிகிரி, காப்பர்ல 67.7. முழு ஸ்கேன் ஓட விடறதுக்கு முன்னாடி சில ஃபிரேம் மட்டும் எடுத்து யூனிட் செல் (படிகத்துல திரும்பத் திரும்ப வர்ற சின்னப் பெட்டி) கண்டுபிடிங்க. அதை, படிக அமைப்புகளைச் சேர்த்து வெச்சிருக்கற கேம்பிரிட்ஜ் டேட்டாபேஸ்ல தேடிப் பாருங்க. மூலப்பொருளோ, நான் சொன்ன அசீனோ, யாரோ ஏற்கெனவே போட்ட அமைப்போ, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

செல் வந்ததும் ஒரு கணக்கு. ஹைட்ரஜன் தவிர்த்து ஒரு அணுவுக்குச் சுமார் 18 கன ஆங்ஸ்ட்ராம். நமக்கு 18 அணு, ஆக ஒரு மூலக்கூறுக்கு 324. செல் கொள்ளளவு 1200-ன்னு வந்தா, வகுத்தா 3.7. அதாவது நாலு மூலக்கூறு. அடர்த்தி 1.33 வரும், சரியான எண். அதுவே 1290 வந்தா யோசிங்க. கூடுதல் 90, நாலு தண்ணி மூலக்கூறுக்குச் சரியான இடம். ஹைட்ரஸோன்கள் மோனோஹைட்ரேட்டாப் படிகமாகறது சர்வசாதாரணம். 2400 வந்தா தனித்தனியா ரெண்டு மூலக்கூறு சீர்மையில்லா அலகுல (சீர்மையை வெச்சு மொத்த செல்லையும் உண்டாக்கப் போதுமான சின்னப் பகுதி) இருக்கலாம்.

ஸ்பேஸ் குரூப் (படிகத்தோட சீர்மை வகை) பெரும்பாலும் பி21/சி. ரிஃப்ளெக்ஷன்கள்ல, அதாவது சிதறல் புள்ளிகள்ல, 0கே0-ல கே ஒற்றைப்படையா இருக்கறதும், ஹெச்0எல்-ல எல் ஒற்றைப்படையா இருக்கறதும் காணாம போயிருக்கணும். ஈ (சீராக்கின சிதறல் வீச்சு) வர்க்கம் மைனஸ் 1-ஓட தனி மதிப்புச் சராசரியும் பாருங்க. 0.968 பக்கத்துல இருந்தா மையச்சீர்மை உண்டு, 0.736 பக்கத்துல இருந்தா இல்ல. 0.736-க்கும் ரொம்பக் கீழ இறங்கினா ட்வின்னோன்னு (திசை மாறின பகுதிகள் ஒண்ணா ஒட்டி வளர்ந்த படிகம்) சந்தேகப்படணும். செல்லோட பீட்டா கோணம் 90-க்கு ஒட்டி இருந்தா அந்தச் சந்தேகம் ரெட்டிப்பு.

அமைப்பைத் தீர்க்க ஷெல்எக்ஸ்டி புரோகிராம். 2015-ல ஷெல்ட்ரிக் வெளியிட்டது, சில நொடிதான் ஆகும். மொதல்ல பி1-ல (கூடுதல் சீர்மை எதுவும் இல்லாத ஸ்பேஸ் குரூப்) ஃபேஸ்களை, அதாவது சிதறின அலைகளோட கட்டங்களைக் கண்டுபிடிச்சு, அப்புறம் ஸ்பேஸ் குரூப்பைத் தானே முடிவு பண்ணும். அணுப் பெயர்களையும் அதுவே வைக்கும். இங்கதான் கண்ணை மூடிக்கிட்டு நம்பக்கூடாது. கார்பனுக்கு 6 எலக்ட்ரான், நைட்ரஜனுக்கு 7. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. அசோமெத்தீன் சிஹெச்-ஐயும் பக்கத்து நைட்ரஜனையும் புரோகிராம் மாத்திப் போடறது ரொம்பச் சுலபம். எப்படிக் கண்டுபிடிக்கறது? எலிப்சாய்டைப் (அணு எவ்வளவு ஆடுதுன்னு காட்டற முட்டை வடிவம்) பாருங்க. கனமான அணு இருக்கற இடத்துல லேசான பேர் வெச்சா எலிப்சாய்டு சுருங்கிப் போகும். லேசான அணுவுக்கு கனமான பேர் வெச்சா ஊதிப் பெருக்கும். பக்கத்து அணுக்களோட ஒப்பிட்டா உடனே கண்ணுல படும்.

ரீஃபைன்மென்ட்ல (மாடலை டேட்டாவோட பொருத்தித் திருத்தறது) வரிசை மாத்தாதீங்க. மொதல்ல ஐசோட்ரோபிக் (அணு எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஆடறதா வெச்சு), அப்புறம் அனைசோட்ரோபிக் (திசைக்குத் திசை வேற அளவு), அதுக்கப்புறம் கார்பன் மேல இருக்கற ஹைட்ரஜன்கள் மட்டும். அதுக்கு ஹெச்ஃபிக்ஸ் 43, ஹைட்ரஜனைக் கணக்குப்படி நிறுத்தற கட்டளை. 100 கெல்வின்ல நீளம் 0.95. என்ஹெச், ஓஹெச் ரெண்டையும் வைக்காம ஒரு ரவுண்டு ஓட்டிட்டு மீதி எலக்ட்ரான் அடர்த்தியைப் பாருங்க. இந்த லிஸ்ட்ல மேல இருக்கற ரெண்டு கியூ பீக்கை (மாடல்ல இன்னும் சேராத எலக்ட்ரான் அடர்த்தி குவிஞ்ச இடம்) கவனிங்க. கியூ1 நைட்ரஜன்லேர்ந்து 0.9 ஆங்ஸ்ட்ராம்ல இருக்கு. கியூ2 ஃபீனால் ஆக்சிஜன் பக்கத்துல, இமைன் நைட்ரஜனைப் பார்த்த மாதிரி. மூணாவது பீக் இதுல பாதிகூட இல்ல, அதுவும் ஒரு பிணைப்போட நடுவுல கிடக்கு. இப்படி ஒரு இடைவெளி தெரிஞ்சா டேட்டா நல்லா இருக்குன்னு அர்த்தம். அந்த ரெண்டையும் ஹைட்ரஜனாப் பேர் மாத்தி, தாராளமா ரீஃபைன் ஆக விடுங்க. ஹெச்ஃபிக்ஸ் போட்டு நைட்ரஜன் மேல ஒட்டவெச்சுட்டு, 'ஹைட்ரஜன் நைட்ரஜன் மேல இருக்கு'ன்னு பேப்பர்ல எழுதறவங்க உண்டு. நீங்க வெச்சதுதானே அங்க இருக்கும்? அது ஆதாரம் ஆகாது. தாராளமா விட்டா நிலையா நிக்கலேன்னா மட்டும் என்ஹெச்சுக்கு டிஃபிக்ஸ் 0.88 (நீளத்தை அந்த அளவுக்குப் பக்கத்துல நிறுத்தற கட்டளை) போடுங்க, போட்டதைச் சொல்லிடுங்க.

ஹைட்ரஜனை மட்டும் நம்பாம பிணைப்பு நீளங்களையும் சாட்சிக்குக் கூப்பிடுங்க. அமைடு வடிவம்னா (ஹைட்ரஜன் நைட்ரஜன் மேல) கார்பன்-ஆக்சிஜன் சுமார் 1.23, அந்தக் கார்பன்-நைட்ரஜன் 1.35, நைட்ரஜன்-நைட்ரஜன் 1.38, இமைன் கார்பன்-நைட்ரஜன் 1.28. இமினால் வடிவத்துக்குப் (ஹைட்ரஜன் ஆக்சிஜன் மேல) போயிருந்தா ஆக்சிஜன் பக்கம் 1.30-க்கு நீண்டு, நைட்ரஜன் பக்கம் 1.30-க்குக் குறுகும். ரெண்டுக்கும் நடுவுல வந்தா? டிஸார்டரா (ரெண்டு வடிவமும் கலந்து) இருக்கலாம், இல்ல அணுப் பேர் தப்பா இருக்கலாம். சி-சி-என்-என்... மன்னிக்கணும், சி-சி=என்-என் டார்ஷன் (முறுக்குக் கோணம்) 180-க்குப் பக்கத்துல இருந்தா ஈ வடிவம், அதாவது இரட்டைப் பிணைப்போட எதிரெதிர்ப் பக்கம். நம்ம மூலக்கூறுல ஃபீனால் ஓஹெச், இமைன் நைட்ரஜனைப் பிடிச்சு ஆறு அணு வளையம் போடும், ஆக்சிஜன்-நைட்ரஜன் தூரம் 2.6 பக்கத்துல. என்ஹெச் அடுத்த மூலக்கூறோட கார்பனைலுக்குப் போகும், சுமார் 2.9.

ஒரு கணக்கு இன்னும் பாக்கி. 18 அணுவுக்கு ஒன்பது ஒன்பதா 162 பாராமீட்டர், ஸ்கேல் ஒண்ணு, ரெண்டு ஹைட்ரஜனுக்கு எட்டு. மொத்தம் 171. 1200 கொள்ளளவுக்கு பி21/சி-ல அந்தத் தெளிவுத்திறன்ல தனித்த ரிஃப்ளெக்ஷன் ரெண்டாயிரத்துச் சொச்சம் வரும். விகிதம் 12, தாராளம். டேட்டாவை 1 ஆங்ஸ்ட்ராம்லேயே நிறுத்திட்டா அது 7-க்கு இறங்கிடும். அப்போ ஹைட்ரஜன் எங்கன்னு பேசவே நமக்கு உரிமை இல்ல.

ஆர்1 (மாடலுக்கும் டேட்டாவுக்கும் உள்ள வித்தியாசம்) 0.05-க்குக் கீழ, கூட்னெஸ் ஆஃப் ஃபிட் 1-ஐ ஒட்டி, மிச்ச பீக் 0.3 எலக்ட்ரானுக்குள்ள, கடைசி ரவுண்டுல ஷிஃப்ட் 0.01-க்குக் கீழ. இதெல்லாம் நல்லதுதான், ஆனா பேர் மாறின நைட்ரஜன் ஆர் மதிப்பைப் பெருசாத் தூக்காது. ஆர் 0.10-லேயே மாட்டிக்கிட்டா, ரொம்ப ஒத்துப்போகாத ரிஃப்ளெக்ஷன் பட்டியலைத் திறங்க. எல்லாத்துலயும் அளந்தது கணக்கிட்டதைவிடப் பெருசா இருந்தா, ட்வின். பிளாட்டான் புரோகிராம்ல ட்வின்ரோட்மேட் ஓட்டுங்க. ரெண்டு தனி மூலக்கூறு வந்திருந்தா ஆட்சிம் ஓட்டுங்க, சீர்மையைத் தவறவிட்டிருக்கோமான்னு சொல்லும். அப்படித் தவறவிட்ட ஸ்பேஸ் குரூப்களைப் படிகவியலாளர் ரிச்சர்ட் மார்ஷ் வருஷக்கணக்குல தேடித்தேடித் திருத்தினார். அவர் கையில மாட்டறதை 'மார்ஷ்டு'ன்னே சொல்வாங்க, அந்த லிஸ்ட்ல சேராதீங்க.

கடைசியா செக்சிஃப், சிஃப்பைத் தானாச் சோதிக்கற சேவை. ஏ, பி-ன்னு வர்ற கடுமையான அலெர்ட்டுக்குக் காரணம் கண்டுபிடிக்காம விடக்கூடாது. ஹைட்ரஸோனுக்கு நான் மொதல்ல தேடறது 420-ம் நம்பர்: ஹைட்ரஜன் இருக்கு, அதை வாங்கிக்க எதிர்ல ஆளில்லன்னு சொல்ற அலெர்ட். அது வந்தா பெரும்பாலும் ஹைட்ரஜனைத் தப்பான அணு மேல வெச்சிருப்போம், இல்ல தண்ணி மூலக்கூறோட ஹைட்ரஜன் தப்பான பக்கம் திரும்பியிருக்கும். திரும்ப எலக்ட்ரான் அடர்த்தி மேப்புக்குப் போய், அந்த அணுவை எடுத்துட்டு கியூ பீக் எங்க வருதுன்னு பாருங்க. சரியானதும் சிஃப்பை, ரிஃப்ளெக்ஷன் டேட்டாவும் உள்ள இருக்கற மாதிரி, கேம்பிரிட்ஜ் டேட்டாபேஸை நடத்தற சிசிடிசில டெபாசிட் பண்ணிடலாம். உங்க சிஃப்ல 420 வந்து தீராம இருந்தா, என்ஹெச்சைச் சுத்தி இருக்கற தூரங்களை கமென்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன்.