சாப்பிடுகிறதே, வலி எங்கே இருக்கப்போகிறது? நாய், பூனைகளின் பல் நலம்

[காட்சி: தரையில் படுத்திருக்கும் நாய் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுகிறது.]

நாயின் வாய் என்றால் நாறத்தான் செய்யும் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அது ஆசையாக முகத்தருகே வரும்போது மூக்கைத் திருப்பிக்கொண்டு, சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நலமாக இருக்கும் நாயின் வாயோ பூனையின் வாயோ நாறுவதில்லை. தின்ற உணவின் வாடை சற்று நேரம் இருக்கும், பிறகு போய்விடும். காலையிலும் மாலையிலும் மாறாமல் நிற்கும் துர்நாற்றம் பெரும்பாலும் ஈறுக்கு அடியில் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளிலிருந்து வருகிறது. மூன்று வயதைத் தாண்டிய நாய்களிலும் பூனைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருப்பதாகக் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

[காட்சி: ஒரு கை, மூடியிருக்கும் வாயின் ஓரத்தில் மேலுதட்டை மெல்லத் தூக்குகிறது.]

வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் செல்லப்பிராணியிடம் போய் ஒருமுறை பாருங்கள். வாயைப் பிளக்கவே வேண்டாம். வாய் மூடியபடி இருக்கட்டும், பக்கவாட்டில் உதட்டை மட்டும் தூக்குங்கள். முன்பற்கள் பளிச்சென்று இருந்தால் நிம்மதியடைந்துவிட வேண்டாம். மேல்தாடையின் பின்புறம் மற்ற பற்களைவிடப் பெரிதாக ஒன்று தெரியும். இறைச்சியைக் கத்தரிக்கோல் போல நறுக்குவதற்காக அமைந்த பல் அது. உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றின் வாய் அதற்கு நேரெதிரே கன்னத்தில் திறப்பதால், காரை எனப்படும் கெட்டியான அழுக்கு அதிகம் படிவதும் அங்கேதான். அந்தப் பல்லின் மேல் பழுப்பு நிறத்தில் ஓடு போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவந்த கோடு ஓடுகிறதா? நல்ல ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். சிலவற்றுக்குப் பிறவியிலேயே கறுப்புத் திட்டுகள் இருக்கும், அது நோயல்ல.

[காட்சி: பல்லின் குறுக்குவெட்டுப் படம். மேற்பரப்பில் மெல்லிய படலம் பரவுகிறது.]

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. சுத்தமான பல்லின் மேல் சில மணி நேரத்திலேயே கிருமிப் படலம் ஒன்று உருவாகத் தொடங்குகிறது. தொட்டால் வழவழப்பாக இருக்கும், துடைத்தால் போய்விடும். துடைக்காமல் விட்டால் உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி, இரண்டு மூன்று நாட்களில் கெட்டிப்படத் தொடங்குகிறது. இதுதான் காரை. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிகுந்தது. நமக்கு வருவது போன்ற சொத்தைப் பல் நாய்களுக்கு அரிதாகவே வருவதற்கும், காரை மட்டும் விரைவாகப் படிவதற்கும் அது ஒரு காரணம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் காரையைவிட அதிகம் கெடுதல் செய்வது ஈறுக்குக் கீழே நுழைந்துவிட்ட படலம்தான். ஈறு முதலில் சிவக்கும், வீங்கும், தொட்டால் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் அழற்சி கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் கரையத் தொடங்கும். அப்படிப் போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். நலமான நாயின் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பூனைக்கு 1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மருத்துவர் மெல்லிய அளவுக்கோலை நுழைத்துப் பார்க்கும்போது அது இன்னும் ஆழமாக இறங்கினால், நோய் எலும்பைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

[காட்சி: சின்னஞ்சிறு நாய் ஒன்று நாற்காலியிலிருந்து தாவி இறங்குகிறது. அருகே அதன் கீழ்த்தாடையின் எக்ஸ்ரே படம்.]

சிறிய இன நாய்களை வளர்ப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். உடல் சிறுத்த அளவுக்குப் பற்கள் சிறுக்கவில்லை, அதனால் சிறிய தாடையில் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைத்து இரட்டையாக நிற்பதும் இவற்றில்தான் அதிகம். ஏழு மாதமாகியும் அப்படி நின்றால் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே அழுக்கு சேரும். பெரிய கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர் தாடையெலும்பின் அடிவிளிம்பு வரை இறங்கியிருக்கும். அதைச் சுற்றி எலும்பு கரைந்துபோன நாய், சாதாரணமாக ஒரு நாற்காலியிலிருந்து குதித்தாலே தாடை முறிந்துவிடக்கூடும். மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே உண்டு. அது அரிக்கப்பட்டால் வாயிலிருந்து மூக்குக்கு ஓட்டை விழுந்து, நாய் ஓயாமல் தும்மும். சளி என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பவர்கள் உண்டு.

[காட்சி: வெறுமையான திரை. பிறகு ஒரு பூனை மெல்ல நடந்து வருகிறது.]

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவற்றுக்குச் சொல்லே இல்லை, எனவே வலியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். "நன்றாகச் சாப்பிடுகிறதே, வலித்தால் சாப்பிடுமா?" என்று கேட்கிறோம். வலித்தாலும் சாப்பிடும். பசியை வலி வெல்வது கடைசிக் கட்டத்தில்தான். அதற்கு முன்பே வேறு அடையாளங்கள் வந்திருக்கும். ஒரே பக்கமாக மெல்லும், மெல்லாமல் அப்படியே விழுங்கும், வாயிலிருந்து உணவு நழுவும், தட்டருகே ஆவலாக வந்து முகர்ந்துவிட்டுப் பின்வாங்கும், முன்காலால் வாயைத் தேய்க்கும். பூனை தன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். "வயதாகிவிட்டது, முன்போல விளையாடுவதில்லை" என்று நாம் சொல்லும் மாற்றம்கூடப் பல நேரங்களில் வாய் வலிதான்.

பூனைகளை அதிகம் வாட்டும் இரண்டு துன்பங்கள் உண்டு. ஒன்று, பல் தானே கரைவது. உடலின் செல்களே பல்லை அரித்துத் தின்கின்றன. ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கு மருத்துவ உலகில் இன்னும் உறுதியான விடை இல்லை. ஈறு பல்லின் மேல் ஏறி வளர்ந்தது போல் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், பெரும்பாலும் கீழ்த்தாடையில், கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் கடைவாய்ப்பல்லில். அதை மருத்துவர் தொட்டுப் பார்த்தால் மயக்கத்தில் இருக்கும் பூனையின் தாடைகூடச் சில நேரம் படபடவென்று துடிக்கும். இதை அடைத்துக் காப்பாற்ற முடியாது. பல்லை எடுப்பது, அல்லது எக்ஸ்ரேயில் வேர் எலும்போடு கலந்துவிட்டது என்று உறுதியானால் மேற்பகுதியை மட்டும் நீக்குவது, இவைதான் வழி.

இன்னொன்று வாய் முழுவதும் பரவும் கடுமையான அழற்சி. தொண்டைக்கு அருகே வரை வாய் செக்கச்செவேலென்று புண்ணாகி, பூனை எச்சில் ஒழுக நிற்கும், கொட்டாவி விட்டால் கத்தும். தன் பற்களின் மேல் படியும் கிருமிகளுக்கு எதிராகவே உடலின் எதிர்ப்புச் சக்தி அளவு மீறிக் கிளம்புவது போன்ற நோய் இது. பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் உண்டாக்கும் கலிசிவைரஸ் தொற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. கடைவாய்ப்பற்களையோ எல்லாப் பற்களையுமோ எடுத்தால் பெரும்பாலான பூனைகள் தேறுகின்றன.

[காட்சி: விரலில் பற்பசை. பூனை அதை நக்குகிறது.]

இனி நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். தினமும் பல் துலக்கிவிடுவதற்கு ஈடான வீட்டுப் பராமரிப்பு வேறொன்றும் இல்லை. காரையாக மாறுவதற்குள் படலத்தைத் துடைத்துவிடுகிறோம், அவ்வளவுதான் அதன் தத்துவம். வாரத்துக்கு ஒருமுறை என்றால் படலம் முந்திக்கொள்ளும்.

பெரும்பாலானோர் தோற்பது முதல் நாளிலேயே. நாயை இடுக்கிப் பிடித்து, வாயைப் பிளந்து, பிரஷை உள்ளே விடுகிறார்கள். அது பயந்து ஓடுகிறது. மறுநாள் பிரஷைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறது. தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். முதல் வாரம் பிரஷே வேண்டாம். உதட்டை நொடிப்பொழுது தொட்டுவிட்டு ஒரு பரிசு கொடுங்கள். அடுத்து, நாய் பூனைகளுக்கென்று விற்கும் பற்பசையை விரலில் தடவி நக்கக் கொடுங்கள். பிறகு அதே விரலால் பல்லின் வெளிப்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். துணி சுற்றிய விரலாகவும் இருக்கலாம். மூன்று நான்கு வாரங்கள் ஆனாலும் ஆகட்டும். கடைசியில் மென்மையான சிறிய பிரஷ். பூனைக்கும் குட்டி நாய்க்கும் குழந்தைகளுக்கான பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் தூரிகையைச் சுமார் 45 பாகை சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். உட்புறத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும், அதற்காக வாயைப் பிளந்து போராட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நிமிடம் போதும். அது விலகினால் விட்டுவிடுங்கள், நாளைக்கும் நாள் இருக்கிறது.

ஏற்கெனவே ஈறு வீங்கி இரத்தம் கசிகிறதென்றால் முதலில் மருத்துவர், பிறகுதான் பிரஷ். புண்ணின் மேல் தேய்த்தால் அந்த வலியை அது மறக்காது. பால்பல் விழும் மாதங்களிலும் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

[காட்சி: மனிதர்களுக்கான பற்பசையின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.]

நம் பற்பசையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் துப்பத் தெரியாது, அத்தனையும் வயிற்றுக்குள் போகும். சில பற்பசைகளில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தி, கல்லீரலையும் செயலிழக்கச் செய்யக்கூடியது. அதேபோல, பல் வலி என்று தெரிந்தவுடன் நம் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையின் உயிரைப் பறிக்கலாம். ஐபுப்ரொஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கடிப்பதற்குக் கெட்டியான எலும்பு கொடுத்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. ஓரளவு காரை உதிரலாம், ஆனால் தொடக்கத்தில் உதட்டைத் தூக்கிப் பார்த்தோமே, மேல்தாடையின் அந்தப் பெரிய பல், அது பிளந்துபோவதும் இப்படித்தான். எலும்பு, மான்கொம்பு, குளம்பு, கல் எல்லாம் ஒரே வகைதான். பல் பிளந்து உள்ளிருக்கும் கூழ் வெளியே தெரிந்தால் கிருமி வேருக்குள் இறங்கும், சில மாதங்கள் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீக்கம் கிளம்பும். கண் நோய் என்று நினைத்து அழைத்து வருபவர்களும் உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். டென்னிஸ் பந்தையும் எந்நேரமும் மெல்ல விட வேண்டாம், அதன் சொரசொரப்பான மேற்பரப்பு பல்லைத் தேய்த்துவிடும்.

சாதாரண உலர் உணவும் பல்லைச் சுத்தம் செய்வதில்லை. பல்லின் நுனி பட்டவுடனே நொறுங்கிவிடுகிறது, ஈறு வரை போவதே இல்லை. பல் நலத்துக்கென்று தயாரிக்கப்படும் உணவும் மெல்லும் துண்டுகளும் வேறு, அவற்றில் சில உண்மையாகவே படலத்தைக் குறைக்கின்றன. 1997 முதல் இயங்கும் வி.ஓ.எச்.சி. என்ற கால்நடை வாய்நல மன்றம், சோதனை முடிவுகளைப் பார்த்து அத்தகைய பொருள்களுக்கு முத்திரை வழங்குகிறது. அந்த முத்திரை இருக்கிறதா என்று உறையில் பார்த்து வாங்குங்கள்.

[காட்சி: அறுவை மேசையில் மயக்கத்தில் இருக்கும் நாய், தொண்டையில் சுவாசக் குழாய்.]

காரை கெட்டிப்பட்டுவிட்டால் பிரஷுக்கு அது அசையாது. மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். மயக்கம் என்றதும் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தால் பலர், மயக்கம் இல்லாமலே சுரண்டிக் கொடுக்கும் இடங்களைத் தேடிப் போகிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பல் சிகிச்சையில் தேர்ந்த கால்நடை மருத்துவர்களும் அதை எதிர்க்கிறார்கள். விழித்திருக்கும் விலங்கிடம் பல்லின் வெளிப்புறத்தை மட்டுமே வெள்ளையாக்க முடியும். ஈறுக்குக் கீழே உள்ள அழுக்கு அப்படியே இருக்கும். பல் பளபளக்கிறது, நோய் உள்ளே தொடர்கிறது, நாமோ நிம்மதியாக இருந்துவிடுகிறோம். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை, சுவாசக் குழாய், தொடர்ந்த கண்காணிப்பு ஆகியவற்றோடு கொடுக்கப்படும் மயக்கத்தின் ஆபத்து குறைவு. குழாய் இருப்பதால் தெறிக்கும் நீரும் கிருமியும் நுரையீரலுக்குள் போகாமலும் தடுக்கப்படுகிறது.

பல் எக்ஸ்ரே எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெளியே பார்க்கக் குறையே தெரியாத பற்களை எக்ஸ்ரே எடுத்தபோது சுமார் 28 சதவீத நாய்களிலும் 42 சதவீதப் பூனைகளிலும் சிகிச்சைக்கு முக்கியமான கோளாறுகள் கண்டறியப்பட்டன.

[காட்சி: ஜன்னலோரம் அமர்ந்து தன் முன்காலை நக்கிக்கொண்டிருக்கும் பூனை.]

"எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்பீர்கள். எங்கள் பூனைக்குப் பதினொரு பற்களை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு முந்தைய ஒரு வருடமாக அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. வயதாகிறது என்று நான் நினைத்திருந்தேன். வலிக்கும் பல்லைவிடப் பல் இல்லாத ஈறு மேல் என்றார் மருத்துவர். இரண்டு வாரம் மென்மையான உணவு கொடுத்தோம், ஈறு மூடிவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் அது ஜன்னலில் ஏறி உட்கார்ந்து, நெடுநாள் கழித்துத் தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.