ஃப்ளை முதலில், ராடு அப்புறம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃப்ளை என்கிற எடையில்லாத போலி இரையை வைத்து மீன் பிடிக்கிற ஃப்ளை ஃபிஷிங்கைப் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "எந்த ராடு, அதாவது தூண்டில் கோல், வாங்கட்டும்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. "எந்த மீனைத் தேடிப் போகிறீர்கள்? அது எதைத் தின்கிறது?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடும். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே போய் வாங்கியிருப்பார். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கிய ராடுகள் பரணில் தூசி படிந்து கிடப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இன்றைக்கு இந்தப் பேச்சையும் மீனின் வாயிலிருந்தே தொடங்குகிறேன்.

வெப்பநீர் மீன்களைப் பற்றி மட்டும் பேசலாம். ட்ரவுட் மாதிரி குளிர்ந்த ஓடைகளில் வாழ்பவை வேறு உலகம். நாம் பேசப்போவது குளத்திலும் ஏரியிலும் மெதுவாக ஓடும் ஆற்றிலும் இருக்கிற, தண்ணீர் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினாலும் சுறுசுறுப்பாக இரை தேடுகிற மீன்கள். பாஸ், சன்ஃபிஷ், கெண்டை, திலேப்பியா, விரால் இவை எல்லாம் அந்தக் கூட்டம்தான். தொடங்குகிறவருக்கு இவற்றைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. ட்ரவுட் மாதிரி நிழல் பட்டாலே ஓடி ஒளிகிற மீன்கள் அல்ல இவை. கெண்டை மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கூச்சம் அதிகம்.

சாதாரணத் தூண்டிலில் என்ன நடக்கிறது? நுனியில் ஒரு ஈயக்குண்டோ கனமான போலி இரையோ இருக்கிறது. அதை வீசுகிறோம், அதன் பின்னால் நரம்பு இழுபட்டுப் போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் சுற்றிய இறகும் நூலும் மயிரும்தான். அதற்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு கோழி இறகைக் கையில் எடுத்து எவ்வளவு வேகமாக வீசினாலும் அது உங்கள் காலடியில்தான் வந்து விழும். அதனால் ஃப்ளை ஃபிஷிங்கில் நாம் வீசுவது ஃப்ளையை அல்ல, லைனை. பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய, 25 முதல் 30 மீட்டர் நீளமுள்ள கனத்த லைன் அது. அது காற்றில் சுருள் பிரிந்து நீளும்போது கூடவே ஃப்ளையும் போகிறது.

ராடின் மீது 5, 6, 8 என்று ஓர் எண் எழுதியிருக்கும். அது ராடின் எடையோ மீனின் எடையோ இல்லை. அந்த ராடுக்குப் பொருத்தமான லைனின் எண். லைனின் முன்பகுதியில் 30 அடியைத் தராசில் வைத்தால் எவ்வளவு கனம் என்பதை வைத்து இந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். 4-ஆம் எண் லைன் சுமார் 7.8 கிராம், 6-ஆம் எண் சுமார் 10.4 கிராம், 8-ஆம் எண் சுமார் 13.6 கிராம். பட்டு லைன் இருந்த காலத்தில் தடிமனை வைத்து ஆங்கில எழுத்துகளால் குறித்து வந்தார்கள். செயற்கை இழைகள் வந்த பிறகு ஒரே தடிமனில் வேறு வேறு எடையுள்ள லைன்கள் கடைக்கு வந்ததால், 1960-களின் தொடக்கத்தில் எடைக்கு மாறிக்கொண்டார்கள்.

சரி, எத்தனையாம் எண் வேண்டும்? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரிய மீன் என்றால் பெரிய எண், சின்ன மீன் என்றால் சின்ன எண் என்று நினைக்கிறார்கள். மீனின் பலமும் கணக்கில் வரும், ஆனால் அது இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளை எவ்வளவு பெரியது, காற்றை எவ்வளவு பிடிக்கிறது என்பதை.

பாப்பர் என்று ஒரு ஃப்ளை இருக்கிறது. தக்கையிலோ ஃபோமிலோ செய்த தலை, அதன் முகம் சின்னக் கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருக்கும். பக்கவாட்டில் ரப்பர் கால்கள், பின்னால் இறகு வால். லைனை வெடுக்கென்று ஒரு சாண் இழுத்தால் அந்தக் கிண்ணம் தண்ணீரை அள்ளி முன்னால் தள்ளி 'பொளக்' என்று சத்தம் போடும். தவளை குதித்ததோ, வண்டு விழுந்து தத்தளிக்கிறதோ என்று பாஸும் விராலும் திரும்பிப் பார்ப்பது அந்தச் சத்தத்துக்குத்தான். அந்தக் கிண்ண முகமும் ரப்பர் கால்களும் காற்றில் போகும்போது என்ன செய்யும்? விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு எதிர்காற்றில் ஓடுவது மாதிரிதான். 4-ஆம் எண் லைனால் அதை இழுத்துக்கொண்டு போக முடியாது. பாதி வழியில் லைன் சுருண்டு ஒரு குவியலாகத் தண்ணீரில் விழும். வீசுகிறவர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். கை சரியாகத்தான் இருக்கும், லைனில்தான் கனம் போதாது.

சன்ஃபிஷ், சின்னத் திலேப்பியா இவற்றின் வாய் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அவற்றுக்கு 10-ஆம் எண் முள்ளில் கட்டிய சின்ன ஃபோம் சிலந்தி போதும். அதை வீச 4 அல்லது 5-ஆம் எண் லைன் நன்றாக இருக்கும். முள்ளுக்கு எண் ஏற ஏற அளவு சிறியதாகும், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸுக்கும் விராலுக்கும் 2-ஆம் எண் முள்ளோ அதைவிடப் பெரியதோ வேண்டும். அதைச் சிரமமில்லாமல் கொண்டுபோக 8-ஆம் எண் லைன்தான் சரி. பாசிக்குள்ளும் தாமரைத் தண்டுக்குள்ளும் பாய்கிற மீனைத் திருப்பி இழுக்கவும் அந்த ராடு உதவும்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும், எல்லா மீனையும் முயன்று பார்க்க வேண்டும் என்றால் நான் 6-ஆம் எண் என்றுதான் சொல்வேன். 9 அடி நீளம், 4 துண்டாகப் பிரிகிற கார்பன் ராடு. சின்ன மீன் மாட்டினாலும் வளையும், நடுத்தரமான பாஸையும் சமாளிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய பாப்பரை அதில் கட்டாதீர்கள். பெரிய பாப்பர்தான் வேண்டும் என்கிறவர்கள் தயங்காமல் 8-க்குப் போய்விடுங்கள்.

கடையில் ராடை ஆட்டிப் பார்க்கும்போது விறைப்பானதுதான் உயர்ந்தது என்று தோன்றும். அனுபவசாலியின் கையில் அது உண்மை. புதிதாகப் பழகுகிறவருக்கு நடுவரை வளைகிற ராடுதான் நல்லது. முன்னால் வீசுவதற்கு முன் லைனைப் பின்னால் வீசுவோம். அது நீண்டு முடிந்ததும் ராடு வளைகிற அந்தக் கனத்தைக் கை உணர வேண்டும். விறைத்த ராடில் அது தெரியாது. தெரியாவிட்டால் எப்போது முன்னால் வீசுவது என்று கைக்குப் பிடிபடாது.

இனி லைன். என்னைக் கேட்டால் பணத்தை இதில்தான் போட வேண்டும். நான் தொடங்கிய புதிதில் கையில் இருந்தது குளிர்நீருக்காகச் செய்த ஒரு லைன். காலையில் ஒழுங்காகப் போகும். வெயில் ஏறினதும் பூச்சு இளகி, ராடின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு வரும். விரல்களுக்கு நடுவே இழுத்தால் பிசுபிசுவென்று இருக்கும், நனைந்த துணிக்கயிறு மாதிரி தொய்ந்து தொங்கும். பல வாரம் என் வீச்சைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் தன்னுடைய லைனைக் கொடுத்து வீசச் சொன்னார். அதே ராடு, அதே கை, அதே உச்சிவெயில். லைன் வளையங்களில் வழுக்கிக்கொண்டு போய் நேராக நீண்டு விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றே சொல்லலாம்.

வெப்பப் பிரதேச லைன்களில் உள்ளிருக்கும் இழை விறைப்பாகவும் மேல்பூச்சு கெட்டியாகவும் இருக்கும். சூட்டில் அவை தம் உருவத்தை விடுவதில்லை. அதே லைனைக் குளிர்ந்த தண்ணீருக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ், ரீலில் சுற்றியிருந்த வளையம் வளையமாகவே ஸ்பிரிங் மாதிரி வந்து விழும். ஆகவே பெட்டியின் மேல் எந்த வெப்பநிலைக்கான லைன் என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்க வேண்டாம். நீங்கள் போகிற தண்ணீர் அநேக நாட்கள் 25 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்றால் வெப்பப் பிரதேச லைன்தான். பருவத்துக்குப் பருவம் மாறுகிற இடமென்றால் பாஸ் லைன் என்றோ வெப்பநீர் லைன் என்றோ பெயரிட்டு விற்பவற்றைப் பாருங்கள். மிதக்கிற லைனாக இருக்கட்டும். மூழ்கும் லைனெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கனம் முழுக்க முன்பக்கம் இருக்கிற 'வெயிட் ஃபார்வர்டு' வகை பாப்பரைத் தள்ளிக்கொண்டு போகும். நிறம் பளிச்சென்று இருந்தால் லைன் எங்கே போகிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். மீனுக்கும் லைனுக்கும் நடுவே லீடர் என்கிற நிறமில்லாத நரம்பு இருப்பதால் பயப்பட வேண்டியதில்லை.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான வெப்பநீர் மீன்களைக் கையால் லைனை இழுத்தே கரைக்குக் கொண்டுவந்துவிடுவோம், ரீல் அதுவரை லைனைச் சுற்றி வைத்திருந்தால் போதும். கெண்டைக்குப் போகிறவர்கள் மட்டும் நல்ல பிரேக் உள்ள ரீலாகப் பார்த்து வாங்குங்கள், அது ஓட ஆரம்பித்தால் நிற்காது. லைனுக்கு அடியில் 20 பவுண்டு தாங்குகிற டேக்ரான் நூல் ஒரு 50 மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள்.

லீடர் என்பது லைனையும் ஃப்ளையையும் இணைக்கிற நரம்பு. லைன் பக்கம் தடிமனாகத் தொடங்கி ஃப்ளை பக்கம் மெலிந்துகொண்டே போகும். வீச்சின் வேகம் படிப்படியாகக் கடைசிவரை போய்ச் சேர்வது அதனால்தான். பாப்பருக்கு ஏழரை அடி லீடர், சின்ன ஃப்ளைக்கு 9 அடி. நுனித் தடிமனை 0 எக்ஸ், 3 எக்ஸ் என்று குறிப்பார்கள். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 0 எக்ஸ் என்றால் சுமார் 0.28 மில்லிமீட்டர், 3 எக்ஸ் என்றால் சுமார் 0.20. பாஸுக்கு 0 எக்ஸ், சன்ஃபிஷுக்கு 3 எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரால், பைக் மாதிரி பல்லுள்ள மீன்களுக்கு நுனியில் ஓர் அடி நீளத்துக்குத் தடித்த ஃப்ளூரோகார்பன் நரம்போ மெல்லிய கம்பியோ சேர்க்க வேண்டும். பாப்பருக்கு நைலான் லீடர்தான் நல்லது, ஃப்ளூரோகார்பன் தண்ணீரைவிடக் கனமானதால் பாப்பரின் மூக்கை உள்ளே இழுக்கும்.

மெல்லிய நரம்பில் பெரிய மீனை வெகுநேரம் ஓடவிட்டுப் பிடிப்பதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வெப்பநீரில் அது மீனுக்குச் செய்கிற கொடுமை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிற தண்ணீரில் கால் மணி நேரம் போராடிய மீனை விட்டுவிட்டாலும் அது பிழைக்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கனத்த ராடு, கொஞ்சம் தடித்த நரம்பு, இரண்டு மூன்று நிமிடத்தில் கரைக்கு வருகிற மீன். என் தேர்வு எப்போதும் அதுதான். முள்ளின் நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எதிர்முள்ளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் வாயிலிருந்தும் சுலபமாக வரும், உங்கள் காதில் குத்தினாலும் சுலபமாக வரும்.

காது என்றதும் கண்ணைச் சொல்லாமல் விடக்கூடாது. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் ஃப்ளை வீசவே வீசாதீர்கள். போலராய்டு கண்ணாடியாக இருந்தால் தண்ணீரின் பளபளப்பு விலகி அடியில் இருக்கிற கல்லும் பாசியும்கூடத் தெரியும்.

பெட்டி நிறைய ஃப்ளை வேண்டாம். ஒரு பாப்பர், ஒரு ஃபோம் சிலந்தி, புசுபுசுவென்று வால் வைத்த ஒரு வூலி பக்கர், ஒரு கிளவுசர் மின்னோ, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு. கடைசியில் சொன்னது பாப் கிளவுசர் 1980-களில் அமெரிக்காவின் சஸ்குவெஹானா ஆற்றின் ஸ்மால்மவுத் பாஸுக்காக உருவாக்கியது. இரண்டு பக்கமும் குமிழ் உள்ள உலோகக் கண்ணை முள்தண்டின் மேல் கட்டுவார்கள். அந்தக் கனத்தில் ஃப்ளை தலைகீழாகத் திரும்பி, முள்ளின் நுனி மேலே பார்த்தபடி நீந்தும். அடியில் இருக்கிற கல்லில் சிக்குவது குறைவு. இதை வீசும்போது மட்டும் வீச்சைக் கொஞ்சம் அகலமாக, நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கனமான கண் உங்கள் தலையை உரசிக்கொண்டு போகும்.

எல்லாம் வாங்கியாயிற்று என்றால் நேராகத் தண்ணீருக்குப் போகாதீர்கள். புல்தரையில் நின்று, லீடர் நுனியில் ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டி, தினமும் இருபது நிமிடம் வீசுங்கள். 10 மீட்டர் தூரம் போதும், வெப்பநீர் மீன்களில் பாதிக்கு மேல் அந்தத் தூரத்துக்குள்தான் கிடைக்கும். லைன் பின்னால் முழுவதும் நீள்கிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். நீண்டதும் வீசுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

அப்புறம் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், காற்று அடங்கியதும், தாமரை இலைகளின் ஓரத்தில் பாப்பரைப் போடுங்கள். உடனே இழுக்காதீர்கள். அது விழுந்த இடத்திலிருந்து வளையங்கள் பரவி, இலைகளைத் தொட்டு, முழுக்க அடங்கட்டும். அதற்கப்புறம் ஒரு சாண் இழுங்கள்.

நன்றி, வணக்கம்.