சிங்கப்பூரா, சென்னையா? மென்பொருளோடு எல்லை தாண்டும் முன் ஒரு கணக்கு

[திரையில்: பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகம் ஒன்றின் கல்லாவில் டேப்லெட்]

வணக்கம். கோலாலம்பூரில் உணவகங்களுக்கு பில் போடும் மென்பொருள் விற்கிறீர்கள். ஐம்பது கடை சேர்ந்தாயிற்று. அடுத்து வெளிநாடு என்ற ஆசை நியாயமானதுதான். அதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்காதீர்கள். பரிமாறுகிற நான்கு பேரும் ஒரே கடவுச்சொல்லில் வேலை பார்ப்பார்கள். கடை வளர்ந்தாலும் உங்கள் வருமானம் நகராது. கிளைக்கு மாதம் இவ்வளவு என்று வையுங்கள்.

[திரையில்: 120 ÷ 0.05 = 2,400]

கிளைக்கு 150 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சர்வரும் வாடிக்கையாளர் உதவியும் போக 120 மிஞ்சுகிறது. மாதம் நூற்றுக்கு 5 கடை விலகினால், ஒரு கடை சராசரியாக 20 மாதம் உங்களோடு இருக்கும். அந்தக் காலம் முழுக்க அது தருவது 2,400 ரிங்கிட். விலகல் 2 ஆகக் குறைந்தால் அதுவே 6,000. மாதம் 5 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஓராண்டு கழித்து 100 கடையில் 54தான் நிற்கும். ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கிணற்றுக்குப் போக வேண்டாம். முதலில் இங்கேயே அடையுங்கள்.

அடைத்த பிறகு சிங்கப்பூர். அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம். வெளிநாட்டு நிறுவனத்தின் ஆண்டு உலக விற்பனை 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியையும், அங்கே ஜிஎஸ்டி பதிவில்லாதவர்களுக்கு விற்பது 1 லட்சம் வெள்ளியையும் தாண்டினால்தான் பதிவு. தொடக்கத்தில் அந்தக் கவலை இல்லை.

சென்னையில் நிலைமை வேறு. ஜிஎஸ்டி பதிவுள்ள கடை என்றால் 18 சதவீத வரியை அந்தக் கடையே நேராக அரசுக்குக் கட்டும். பதிவில்லாத கடை என்றால் வரம்பே கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே நீங்கள் அங்கே பதிந்து வரி வசூலிக்க வேண்டும். அதனால் சேர்க்கைப் படிவத்திலேயே ஜிஎஸ்டி எண்ணைக் கட்டாயமாக்குங்கள்.

இன்னொரு சிக்கல், பலர் கண்ணில் படாதது. இந்திய கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க, 2021 அக்டோபர் 1 முதல் ஓடிபி போட்டுப் பெற்ற முன் அனுமதி வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்னால் கார்டுக்காரருக்குத் தகவல் போக வேண்டும். கார்டுப் பணத்தை உங்களுக்கு வசூலித்துத் தரும் பேமெண்ட் கேட்வே இதற்கு ஒத்துவராவிட்டால் முதல் மாதப் பணம் வரும், இரண்டாம் மாதம் நின்றுவிடும். கடைக்காரர் மென்பொருளைத் தினமும் பயன்படுத்திக்கொண்டே இருப்பார். உங்கள் கணக்கில் மட்டும் விலகியவராக நிற்பார். மென்பொருளில் கோளாறு தேடி வாரக்கணக்கில் அலைவீர்கள்.

[திரையில்: விலகியவை / பணம் எடுக்க முடியாதவை]

விலகலை இப்படி இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். இந்தியாவுக்கு ஆண்டுக் கட்டணம் வையுங்கள்: பத்து மாதப் பணத்துக்குப் பன்னிரண்டு மாதம், இன்வாய்ஸ் அனுப்பி வங்கி வழியே வசூல். ரிங்கிட் விலையை அப்படியே ரூபாயாக மாற்றிப் போடாதீர்கள். நீங்கள் விற்கப்போகும் தெருவில் மற்ற பில்லிங் மென்பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று நேரில் விசாரித்து வையுங்கள். முதலில் பத்துக் கடை போதும். அந்தப் பத்தும் இரண்டாம் ஆண்டுக்குப் பணம் கட்டிய பிறகு சென்னையில் ஆள் எடுக்கலாம்.