பாறைக்குள் முகங்கள்

அனைவருக்கும் வணக்கம். திரையில் தெரிவது பாரசீக நுண்ணோவியம். இவ்வளவு பெரிதாகக் காட்டுவதே ஒரு விதத்தில் தப்பு. இது மடியில் வைத்துப் புரட்டுகிற புத்தகத்தின் ஒரு பக்கம். அசலின் உயரம் 47 செ.மீ. தான்.

அந்தப் புத்தகம் ஷாநாமா, கவிஞர் ஃபிர்தௌசி பாடிய பாரசீக அரசர்களின் காவியம். 1520களில் தப்ரீஸ் நகரில், ஈரானை ஆண்ட சஃபவி அரசர்களின் ஓவியக்கூடத்தில் தொடங்கிய பிரதி. மொத்தம் 258 ஓவியங்கள். இந்தப் பக்கத்தை வரைந்தவர் சுல்தான் முகமது. காவியத்தின்படி உலகின் முதல் அரசனான கயூமர்ஸ் மலை உச்சியில் கொலுவிருக்கிறான். துணி நெய்யத் தெரியாத காலம், அதனால் எல்லாரும் சிறுத்தைத் தோல் போர்த்தியிருக்கிறார்கள். அருகில் மகன் சியாமக். அவனைக் கறுப்பு அரக்கன் கொல்லப்போகிறான். கதை தெரிந்தவர்களுக்கு அரசனின் தலை ஏன் குனிந்திருக்கிறது என்பது புரியும்.

நிழலைத் தேடாதீர்கள், கிடைக்காது. தூரத்தில் இருப்பவர் சிறியவராகவும் தெரியமாட்டார். அணில் மயிர்த் தூரிகை, ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற நீல நிறக் கல்லை அரைத்த வண்ணம், வானத்துக்குத் தங்கம். ஓடைகளுக்கு இந்த மரபில் வெள்ளி பூசுவார்கள். அது காலப்போக்கில் கறுத்துவிடும். பழைய நுண்ணோவியங்களில் தண்ணீர் சாக்கடை மாதிரி தெரிந்தால் ஓவியரைத் திட்டாதீர்கள்!

பிற்பாடு சஃபவி அரசர் ஷா தஹ்மாஸ்புக்கு ஓவியத்தில் ஆசை விட்டுப்போனது. அவருடைய ஓவியர்கள் மீர் சையது அலியும் அப்துஸ் ஸமதும் முகலாயப் பேரரசர் ஹுமாயூனிடம் போனார்கள். முகலாய ஓவியம் அவர்கள் கையில் பிறந்தது. புத்தகத்தை 1568இல் துருக்கியின் உஸ்மானிய சுல்தானுக்குப் பரிசாக அனுப்பிவிட்டார் ஷா.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 1959இல் இதை வாங்கிய அமெரிக்கர் ஆர்தர் ஹௌட்டன், தையலைப் பிரித்து, பக்கம் பக்கமாகக் கொஞ்சம் தானம் செய்தார், கொஞ்சம் விற்றார். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றாக இருந்த புத்தகம்! மிஞ்சியதில் 118 ஓவியங்கள் இருந்தன. 1994இல் வியன்னா விமான நிலையத்தில், அமெரிக்க நவீன ஓவியர் டி கூனிங் வரைந்த ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்து ஈரான் அவற்றை வாங்கிக்கொண்டது. பண்டமாற்று. கயூமர்ஸ் அதில் இல்லை. அவன் டொரண்டோவில், ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறான்.

சரி, இப்போது அந்தப் பாறைகளைப் பாருங்கள். ஊதாவும் பச்சையுமாகக் கிடக்கிறதே, அதற்குள் மனித முகங்களும் மிருக முகங்களும் ஒளிந்திருக்கின்றன. எனக்கு முதல் முகம் தட்டுப்பட இருபது நிமிடம் ஆனது. விளக்கை அணைக்கச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.