அள்ள அள்ள வரும் அமலை: விடை குளத்தின் அடியில்!

வணக்கம் மக்களே! ஒரு ஏரியின் நடுவே திரை கட்டி, ஒரு பக்கத்தை மட்டும் வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள். கெடுத்தவர்கள் விஞ்ஞானிகள்! அந்தக் கதை தெரிந்தால்தான் நம்ம திருநெல்வேலி நயினார்குளத்து அமலைச்செடியின், அதாவது ஆகாயத்தாமரையின், ரகசியம் புரியும்.

(திரையில்: ஜேசிபி அமலையை அள்ளிக் கரையில் போடுகிறது)

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். தாமிரபரணித் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளத்துக்கு வருகிறது, வழியில் சாக்கடையும் சேர்ந்துகொள்கிறது. சரி, கதைக்கு வருவோம்.

1973, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். ஏரியின் பெயர் 226. பெயரே அதுதான்! நம்மூரில் குட்டைக்குக்கூட ஒரு பேர் உண்டு. உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஏரி அது. அந்த இடுப்பில் பிளாஸ்டிக் திரையைக் கட்டினார்கள். விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லரின் குழு ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டது. மறுபக்கம் அதே இரண்டோடு பாஸ்பரஸ் என்கிற உரச்சத்தையும் சேர்த்தது. வானத்திலிருந்து எடுத்த போட்டோவைப் பாருங்கள். ஒரு பாதி பழைய தண்ணீராகவே இருக்கிறது. பாஸ்பரஸ் போட்ட பாதியில் பாசி பூத்து, பச்சைப் பெயிண்டைக் கொட்டினது போல! பத்துத் தடவை பார்த்திருப்பேன், இன்னும் அலுக்கவில்லை.

நம்ம குளத்துக்குப் பாஸ்பரஸ் எங்கிருந்து? கழிவுநீர், சோப்புத்தூள், வயல் உரம். வந்தது சேற்றில் படிந்துவிடும். சாக்கடையை இன்றைக்கே அடைத்தாலும் சேறு பல வருஷம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். கெண்டை மீன் கிளறினால் இன்னும் கூடும்.

அமலை அந்தச் சத்தைத் தின்றுதான் கொழுக்கிறது. அப்போ அதை அள்ளினால் சத்தும் போகுமே? போகும், கரையில் குவிக்காவிட்டால்! குவியல் அழுகி, ஒரு மழை பெய்தால் கறுப்புச் சாறு மறுபடி குளத்துக்கே இறங்கும். ஜேசிபி வாடகை தண்டம்.

எனக்குப் பிடித்த விஷயம் கரம்பை, அதாவது குளத்தடியில் படிந்த வண்டல். கோடையில் குளம் வற்றினதும் வண்டி கட்டிக் கரம்பை மண்ணை அள்ளி வயலில் கொட்டுவார்கள். குளத்துக்கு ஆழம் கிடைக்கும், சேற்றுச் சத்தும் வெளியேறும். பாஸ்பரஸ் தெரிந்து செய்தார்கள் என்று பெருமை அடிக்க மாட்டேன். வயலுக்கு உரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சாக்கடை கலந்த டவுன் குளத்துச் சேற்றை இன்றைக்குச் சோதிக்காமல் வயலில் போடாதீர்கள்.

உங்க ஊர்க் குளத்தில் அள்ளின அமலை இப்போ எங்கே கிடக்கிறது? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, குளத்துப் பேரோடு.